அறுபது லிட்டருக்கு ஒரு பாக்கெட் ஈஸ்ட்

விஜய்: மூடியத் தொறக்காதேன்னு சொன்னனா இல்லியா?

தருண்: தொறக்கலீங் மாமா. சும்மா மோந்து பாத்தேன்.

விஜய்: தொறக்காம எப்பிடி மோந்து பாத்தே?

தருண்: கொஞ்சமாத் தொறந்துங்...

விஜய்: கொஞ்சமாத் தொறந்தா கிருமியும் கொஞ்சமாத்தான் வரும்னு நெனச்சியா? கை கழுவுனியா?

தருண்: கழுவுனேன்.

விஜய்: சோப்புப் போட்டு?

தருண்: மாமா, பி.யூ. காலேஜ்ல கெமிஸ்ட்ரி நடத்தறது பத்தாதுன்னு சமையக்கட்டுலயும் நடத்தாதீங்க. ஈஸ்ட்டு ஒரு மாதிரி மணக்குது. அதப் பாருங்க மொதல்ல.

விஜய்: ஒரு மாதிரின்னா?

தருண்: பலாப்பழ வாசம்.

விஜய்: ஈஸ்ட்டுல எப்பிடிடா பலாப்பழம் வரும்?

தருண்: ஈஸ்ட்டு, பாலு, தயிரு, நேத்து வெச்ச ரசம்... ஃபிரிஜ்ஜுக்குள்ள எதை மோந்தாலும் பலாப்பழந்தானுங். அக்கா நேத்து தேவராஜ மார்க்கெட்ல சொளை வாங்கியாந்து, மூடாம தட்டுல வெச்சிருக்குது.

விஜய்: நம்ம டப்பாவுக்குப் பக்கத்துலயா?

தருண்: பக்கத்துல இல்லீங்.

விஜய்: அப்பாடா.

தருண்: டப்பாவுக்கு மேல.

விஜய்: அட கெரகமே! கொழந்தையாட்டம் வளத்துனேன்டா அத! இருந்ததே ஒரு பாக்கெட். இருபது லிட்டருக்குத்தான் பத்தும்னு அதும் மேலயே போட்டிருக்குது. அத அரை லிட்டர் மால்ட் தண்ணியில போட்டு, பொங்குனப்பொறவு ரெண்டு லிட்டருக்கு மாத்தி, அதும் பொங்குனப்பொறவு இந்தப் பெரிய டப்பாவுக்கு ஏத்தி, பழைய கம்ப்யூட்டர் ஃபேன்ல காந்தம் ஒட்டிச் சுத்த உட்டு...

தருண்: தெரியுமுங். பழைய ஃபேன் இல்ல. என்ற கம்ப்யூட்டர் ஃபேன்.

விஜய்: ஒரு நல்ல காரியத்துக்குத்தான கழட்டுனேன்.

தருண்: கம்பெனி லேப்டாப் இருக்கறதால பொழச்சேன். சரி, இங்க பாருங்க, அடியில நல்லாத்தான் படிஞ்சிருக்குது. இட்லி மாவாட்டம் வெள்ளையா.

விஜய்: அதுதான் ஈஸ்ட்டு. மேல நிக்கற தண்ணிய இறுத்துப்போட்டு, அந்த வண்டல மொட்டமாடில இருக்கற அண்டாவுல ஊத்தோணும். ஆனா அது கெட்டுப்போயிருந்து, தெரியாம ஊத்திப்போட்டம்னு வையி...

தருண்: அறுவது லிட்டரும் காடி.

விஜய்: காடின்னு சொல்லாதே. வாய வெக்காதே.

தருண்: பீருக்குக் காய்ச்சுன சாறு ஆறிடுச்சுங்களா?

விஜய்: இப்பத்தான் தொட்டுப் பாத்துட்டு வந்தேன். சூடு போயிருச்சு. இனி நேரம் ஆக ஆக காத்துல சுத்தற கண்டதெல்லாம் அதுல குடியேறும். பொழுது எறங்கறதுக்குள்ள நம்ம ஈஸ்ட்டு உள்ள எறங்கோணும்.

தருண்: பெங்களூர்ல இருந்து இன்னொரு பாக்கெட்டு...

விஜய்: ஞாயித்துக்கெழம எவன் கடை தொறப்பான்? ஆர்டர் போட்டு வர்றதுக்குள்ள சாறு ஊசிப்போயிரும். கெடா விருந்துக்கு ஒரு மாசங்கூட இல்ல. பீரு பக்குவத்துக்கு வரவே மூணு வாரம் ஆகும்.

தருண்: அப்ப ஹனூருக்கு ஒரு போனப் போட்டு, பசவராஜண்ணங்கிட்டச் சொல்லிரலாங்.

விஜய்: என்னன்னு?

தருண்: இந்த வருசமும் கடைச் சரக்கே வாங்கிக்கட்டும்னு.

விஜய்: உங்கண்ணங்கிட்டயா! போன தடவ சொந்தக்காரங்க, ஒறம்பரை அத்தன பேரு முன்னால நின்னு நான் என்ன சொன்னேன்?

தருண்: "அடுத்த வருசம் முனியப்பன் கெடா விருந்துக்கு எவனும் பாட்டில் வாங்கப்படாது. மைசூர்ல இருந்து நானே காய்ச்சிக் கொண்டாறேன்." மைக்கு ஒன்னுதான் இல்ல.

விஜய்: உங்கண்ணன் என்ன சொன்னாரு?

தருண்: "மாப்ளைக்கு வாயில வர்றது அண்டாவுலயும் வருதான்னு பாக்கலாம்"னாரு.

விஜய்: சகலை சேகரன்?

தருண்: அவரு ஒன்னுஞ் சொல்லல. சிரிச்சாரு.

விஜய்: அந்தச் சிரிப்புதான்டா என்னால தாங்க முடியல. இந்த டப்பா மட்டும் கெட்டுப்போயிருந்துது, நான் ஹனூர் பஸ் ஏற மாட்டேன். இனி எந்த நோம்பிக்கும் ஏற மாட்டேன். உங்கக்காளத் தனியாத்தான் அனுப்போணும்.

தருண்: உங்க காலேஜ்ல புளிப்பு பாக்கற பேப்பரு இருக்குமே?

விஜய்: பையில வெச்சிருக்கேன். எடு. மெதுவா... ஓரத்துல மட்டும் முக்கு. என்ன நெறம்?

தருண்: ஆரஞ்சு.

விஜய்: ஆரஞ்சு இல்ல, காவி.

தருண்: ஆரஞ்சுங்.

விஜய்: காலமெல்லாம் நெறம் பாத்தே சம்பளம் வாங்கறவன் நானு. காவிடா அது.

தருண்: சரி, காவி. காவின்னா என்னங்?

விஜய்: புளிப்பு.

தருண்: ஐயையோ!

விஜய்: பதறாதே. நல்ல பீரும் புளிப்புதான். கெட்டது அதவிடக் கொஞ்சம் புளிப்பு. அந்தக் கொஞ்சத்த இந்தப் பேப்பரு காட்டாது.

தருண்: அப்பறம் எதுக்கு முக்கச் சொன்னீங்க?

விஜய்: ஒரு முறை இருக்குதில்ல... முறை.

தருண்: யூடியூப்ல அந்தத் தாடிக்காரன் என்ன சொல்றான்? அவன் எப்பிடிக் கண்டுபுடிக்கறான்?

விஜய்: அவனா... மேல் தண்ணிய ஒரு டம்ளர்ல ஊத்திக் குடிச்சுப் பாப்பானாம். காத்துப்போன பீராட்டம் சப்புன்னு இருந்தா ஈஸ்ட்டு நல்லாருக்குது. சுருக்குன்னு காடியாட்டம் ஏறுனா கெட்டுப்போச்சு, கொட்டிப்போடோணும்.

தருண்: இவ்வளவுதானா! இதுக்கா இத்தன ரோசனை? இருங்க... ஆச்சு, ஊத்திட்டேன். இந்தாங்க டம்ளரு.

விஜய்: நீ குடி.

தருண்: நானா?

விஜய்: செஞ்சவனே ருசி பாக்கப்படாது மாப்ள. பரீச்சை எழுதுனவங்கிட்டயே பேப்பரத் திருத்தக் குடுப்பாங்களா?

தருண்: உங்க பசங்க வாங்கற மார்க்கப் பாத்தா குடுக்கறாப்லதான் தெரியுது.

விஜய்: குடிடான்னா...

தருண்: எனக்கு வண்டி ஓட்டோணுமுங்.

விஜய்: எங்க போறே?

தருண்: எங்கயாச்சும் போனா?

விஜய்: ஒரு முழுங்குக்கு எந்தப் போலீஸ்காரன் புடிக்கறான்?

தருண்: அது மட்டுமில்லீங். கடவாப் பல்லு. போன வாரம் புடுங்குனதில்ல? டாக்டரு புளிப்பே ஆகாதுன்னு...

விஜய்: காலைல எலுமிச்ச சாதம் ரெண்டு தட்டு உள்ள தள்ளுனியே!

தருண்: அது இந்தப் பக்கம் மென்னது. பீரு தண்ணியில்ல? எல்லாப் பக்கமும் போகும். நீங்க குடிக்கறதுக்கு என்னங்?

விஜய்: நான் ஆன்டிபயாட்டிக்ல இருக்கேன்.

தருண்: எதுக்கு?

விஜய்: தொண்டைக்கு.

தருண்: தொண்டைக்கு என்ன? வந்ததுல இருந்து நிறுத்தாமப் பேசிட்டிருக்கீங்க.

விஜய்: ஆன்டிபயாட்டிக் புண்ணியத்துலதான் பேசறேன்.

தருண்: ஹவ்தா, நெசமாவா? மாத்தர அட்டையக் காட்டுங்க பாக்கலாம்.

விஜய்: தீந்துபோச்சு.

தருண்: தீந்துபோச்சுன்னா குடிக்கலாமே!

விஜய்: நீதான போன மாசம் ஆபீசுப் பார்ட்டில அஞ்சு பீரு அடிச்சேன்னு சொன்னே? அஞ்சு அடிச்சவனுக்கு ஒரு மொடக்கு என்னடா?

தருண்: நீங்கதான் அன்னிக்கி, "மொதல்ல பிஸ்கெட் வாசம், பின்னால ஆரஞ்சுத்தோலு, நாக்கோட நுனியில ஒரு கசப்பு"ன்னு வகுப்பெடுத்தீங்க. அந்த நாக்குக்கு முன்னால என்ற நாக்கெல்லாம் எம்மாத்திரம்?

விஜய்: நேரமாகுதுடா. பொழுதப் பாரு.

தருண்: மாமா, ஒரு ரோசனை. கீழூட்டு கமலம்மா.

விஜய்: ஹவுஸ் ஓனரம்மாவா? அவங்களுக்கென்ன?

தருண்: காலைல நீங்க சாறு காய்ச்சறப்ப இந்த அக்ரஹாரமே மணத்துச்சில்ல? "ஏனு விசேஷா?"ன்னு படியேறி வந்துட்டாங்க. நான் ராகி மால்ட்டுன்னு சொல்லிப்போட்டேன். ஆறுனதும் கொஞ்சம் குடுங்கன்னு சொம்பு வெச்சுட்டுப் போயிருக்காங்க.

விஜய்: அதுக்கு?

தருண்: இந்த டம்ளர அந்தச் சொம்புல ஊத்திக் குடுத்து, குடிக்கறப்ப மூஞ்சி எப்பிடிப் போகுதுன்னு பாத்தம்னா...

விஜய்: டேய்! நாம வெங்காயம் வதக்குனாலே சன்னலச் சாத்தறவங்கடா! பாவம் யாருக்கு வரும்?

தருண்: காய்ச்சுனவருக்கு.

விஜய்: ஊத்துனவனுக்குத்தான் வரும்.

தருண்: ஊத்தச் சொன்னது நீங்க.

விஜய்: இன்னும் பீரே ஆகல, அதுக்குள்ள பாவத்துல பங்கு பிரிக்கறான் பாரு!

ஜோதி: என்னங்க சத்தம் இது? வாசல்ல வண்டிய நிறுத்தறப்பவே கேக்குது. கமலம்மா என்னைப் புடிச்சுட்டு, ராகி மால்ட் ஏனாயித்து, என்னாச்சுங்கறாங்க. எந்த ராகி மால்ட்டு?

தருண்: வந்துட்டியாக்கா? ஞாயித்துக்கெழமைல கூடவா உங்க பேங்க்ல வேல?

ஜோதி: ஆடிட்டு. காலைல இருந்து நான் அங்க நாயாட்டம் அலஞ்சுட்டு வாறேன். நீங்க ரெண்டு பேரும் ஒரு டம்ளரச் சுத்தி உக்காந்து என்ன பண்றீங்க? குறி சொல்றவங்களாட்டம்?

விஜய்: ஜோதி, பலாச்சொளைய எதுக்கு ஈஸ்ட்டு மேல வெச்சே?

ஜோதி: வேற எங்க வெக்கறதுங்க? ஒரு தட்டு முழுக்க உங்க டப்பா. ஃப்ரீசர் முழுக்க உங்க ஐஸ் பாட்டிலு. கீரை வெக்கற எடத்துல ஏதோ காஞ்ச பூவு. அன்னிக்கி அவசரத்துல வெந்தயக்கீரைன்னு நெனச்சு அதையும் பருப்புல போட்டுட்டேன்.

விஜய்: பீருக்குப் போடற ஹாப்ஸையா? அதான் அன்னிக்கி அந்தக் கசப்புக் கசந்துச்சா?

ஜோதி: ஒரு வாய் வெச்சுட்டுத் தட்டத் தள்ளிட்டுப் போனீங்களே, அன்னிக்கித்தான். இப்ப இந்த டம்ளருக்கு என்ன வந்துச்சு?

தருண்: ஈஸ்ட்டு கெட்டுப்போச்சா இல்லியான்னு தெரியோணுமுக்கா. இதைக் குடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.

ஜோதி: சரி, குடிச்சுப் பாருங்க.

தருண்: மாமா குடிப்பாரு.

விஜய்: மாப்ள குடிப்பான்.

ஜோதி: நல்லாருக்குது! ஊருக்கெல்லாம் அண்டாவுல காய்ச்சறவங்க ஒரு டம்ளருக்கு நடுங்கறீங்க? தருணு, நீ குடிடா.

தருண்: அக்கா... மோகனப்ரியா ஊட்டுல கல்யாணப் பேச்சு நடந்துட்டிருக்குதில்ல? பையன் குடிக்க மாட்டான்னு சொல்லியிருக்கோம்.

ஜோதி: எல்லா ஊட்டுலயும் அப்பிடித்தான்டா சொல்றது. நாம சொன்னதுக்கு அவங்கப்பனே உழுந்து உழுந்து சிரிச்சாரு.

தருண்: அந்தாளு சிரிச்சதுதான் எனக்கு ஆத்திரம். ஒருத்தன் நெசத்தச் சொன்னா அதுக்கும் சிரிக்கறதா?

ஜோதி: எது நெசம்?

தருண்: ஒன்னுமில்ல.

விஜய்: டேய். எது நெசம்?

தருண்: நான் குடிக்கறதில்லீங் மாமா. ஒரு தடவகூடக் குடிச்சதில்ல.

விஜய்: அஞ்சு பீரு?

தருண்: ஆப்பிள் ஜூஸு. அதே நெறத்துல இருக்கும். பீரு டம்ளர்ல ஊத்திக் கையில புடிச்சுக்குவேன். மத்தவனுங்க ஒளர்றப்ப நானும் கொஞ்சம் ஒளறுவேன்.

விஜய்: அஞ்சு டம்ளர் ஆப்பிள் ஜூஸுக்கு ஒளறுனவன்டா நீ! கேட்டியா ஜோதி? உன்ற தம்பி...

ஜோதி: நீங்க சிரிக்காதீங்க. டம்ளர எடுங்க.

விஜய்: நானா?

ஜோதி: நீங்கதான். உங்க ஈஸ்ட்டு, உங்க அண்டா, உங்க சவாலு. ஒரே முழுங்கு. குடிச்சுட்டு நல்லாருக்குதா இல்லியான்னு சொல்லுங்க.

விஜய்: இரு... மேல போய் சாறு ஆறிடுச்சான்னு பாத்துட்டு வந்துடறேன்.

தருண்: இப்பத்தான பாத்துட்டு வந்தீங்க?

விஜய்: சும்மா இருடா!

ஜோதி: என்னையப் பாருங்க. ஏனுங்க... நீங்க குடிப்பீங்களா, மாட்டீங்களா?

விஜய்: அண்டாவுக்கு மூடி போட்டனான்னு தெரியல...

ஜோதி: உங்களத்தானுங்க கேக்கறேன்.

விஜய்: பாவக்காயே எறங்காது ஜோதி எனக்கு.

தருண்: மாமா!

விஜய்: ஆமா, எறங்காது. என்ன பண்ணச் சொல்றே? நம்ம கல்யாணம் முடிஞ்சு மொத கெடா விருந்துக்கு வந்தப்ப உங்கண்ணன் ஒரு டம்ளரக் கையில குடுத்தாரு. வாய்க்குக் கொண்டு போனதுமே கொமட்டிட்டு வந்துச்சு. புது மாப்ள, எப்பிடிச் சொல்றது? இருட்டுல கையச் சாச்சு முருங்க மரத்தடியில ஊத்திப்போட்டேன். அன்னையில இருந்து வருசா வருசம் அதேதான். "மாப்ள சட்டுன்னு காலி பண்ணிட்டாரே"ன்னு அவரு மறுக்கா ஊத்துவாரு. நான் மரத்துக்கு மறுக்கா ஊத்துவேன்.

தருண்: அந்த முருங்க மரம் பட்டுப்போச்சுங்களே! பூச்சின்னு சொல்லி அண்ணன் மருந்தெல்லாம் அடிச்சாரு.

விஜய்: தெரியும். அதுக்கு மருந்து வாங்கப் போனதே நான்தான். சிரிக்காதடா. எனக்கு அவ்வளவு அவமானமா இருக்கும். களத்துல அத்தன ஆம்பளைங்க வட்டமா உக்காந்திருக்க, நான் மட்டும் ஒரு டம்ளரப் புடிச்சுட்டு, எப்படா இருட்டுப் பக்கம் நகரலாம்னு திருடனாட்டம் முழிச்சுட்டு... ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில நீங்க பொம்பளைங்க எல்லாங்கூடிச் சிரிக்கற சத்தம் கேக்கும். எந்திரிச்சு அங்க வந்து உக்காந்துக்கலாமான்னு இருக்கும் ஜோதி. நெசமாச் சொல்றேன்.

ஜோதி: குடிக்காத மனுசன் எதுக்குங்க ஊருக்கே காய்ச்சிக் குடுக்கறேன்னு மார் தட்டுனீங்க?

விஜய்: அங்கதான் இருக்குது விசயம். பந்தியில எலை போட்டதும் என்ன பண்றாங்க? எல்லாத்தையும் கையப் புடிச்சு இழுத்து உக்கார வெக்கறாங்க. ஒருத்தன மட்டும் எவனும் கூப்புடறதில்ல.

தருண்: யாரைங்?

விஜய்: பரிமாறறவன! "அவன் கடைசியாச் சாப்புடுவான், உடு"ன்னு உட்டுருவாங்க. கடைசியில அவன் சாப்ட்டானா இல்லியான்னு எவனாச்சும் திரும்பிப் பாத்ததுண்டா? குடத்த நான் புடிச்சுட்டு நின்னா, என்ற கையில டம்ளர எவன் குடுப்பான்? ஒரு அண்டா பீரக் காய்ச்சிப்போட்டா வாழ்நாளுக்கும் நான் குடிக்க வேண்டியதில்ல.

தருண்: மாமா...

விஜய்: என்ன?

தருண்: நானும் அதுக்குத்தானுங் உங்ககூடச் சேந்தேன்.

விஜய்: எதுக்கு?

தருண்: குடம் புடிக்க. போன வருசந்தான் அண்ணன் என்னையும் களத்துல உக்கார வெச்சாரு. அடுத்த வருசம் தப்பிக்க என்ன வழின்னு பாத்துட்டிருந்தேன். நீங்க காய்ச்சறேன்னு சொன்னதும் கை தட்டுனதே அதுங்காட்டித்தான்.

விஜய்: அதெல்லாம் ஆகாது. பரிமாற ஒருத்தன் போதும்.

தருண்: அறுவது லிட்டருங்! ஒருத்தரு எப்பிடிச் சமாளிப்பீங்க?

விஜய்: நான் சமாளிச்சுக்குவேன். நீ சின்னப் பையன், உக்காந்து குடி.

தருண்: ஃபேன் யாரு குடுத்தது?

விஜய்: ரோசனை யாரோடது?

தருண்: அப்ப என்ற ஃபேனக் கழட்டிக் குடுங்க, நான் போறேன்.

விஜய்: சண்டைய அப்பறம் வெச்சுக்கலாம். மொதல்ல ஈஸ்ட்டு. நம்ம ரெண்டு பேரும் குடிச்சாலும் ஒன்னும் வெளங்காது. நல்ல பீரு எப்பிடியிருக்கும்னு தெரிஞ்சாத்தான கெட்டது தெரியும்? யாரடா கூப்புடறது இப்ப? அந்த டம்ளர இப்பிடி நவுத்து.

தருண்: டம்ளர் இங்கில்லீங்.

விஜய்: இங்கதான வெச்சிருந்தே?

தருண்: அக்கா கையில இருக்குது. அக்கா! அக்கா, என்ன பண்றே? முழுசையுமா?

விஜய்: ஜோதி! உனக்கு அதோட ருசியெல்லாம் என்ன தெரியும்? கெட்டதா இருந்து வகுத்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா... துப்பு, துப்பு!

ஜோதி: துப்பறதுக்கு இதுல ஒன்னுமில்லீங்க. சப்புன்னுதான் இருக்குது, ஒரு பொட்டுப் புளிப்பில்ல, ஈஸ்ட்டு நல்லாருக்குது, கொண்டு போய் ஊத்துங்க. அடியில ஒரு கரண்டி மட்டும் நிறுத்தி இன்னொரு அண்டாவுக்கு வளத்திப்போடுங்க. இவன் களத்துக்குப் பரிமாறட்டும், நீங்க பொடக்காளிக்கு வாங்க. ஆம்பளைங்களுக்கு மட்டும் அறுவது லிட்டர்னு கணக்குப் போட்டுட்டு, எவனும் பாட்டில் வாங்கப்படாதுன்னு நீங்க பாட்டுக்குச் சொல்லிப்போட்டீங்க... வருசா வருசம் பசவராஜண்ணன் யாருக்கும் தெரியாம எங்களுக்குன்னு பொடக்காளில எறக்கற பீருப் பெட்டியும் அதுலதானுங்களே போச்சு!